வேகத்தை விற்கும் உரிமை

அமெரிக்கப் பெருநகரங்களைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகள் பலவற்றில், இடது ஓரத் தடத்தின் நடுவே வெள்ளை நிறத்தில் ஒரு வைர வடிவம் தீட்டப்பட்டிருக்கும். அது கார்பூல் தடம். காரில் குறைந்தது இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர், இருந்தால்தான் நெரிசல் நேரத்தில் அதில் போகலாம். பேருந்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தடையில்லை. 1990-களின் நடுவில் இந்த விதிக்கு ஒரு விலக்கு வந்தது: தனி ஆளாக ஓட்டி வருபவரும் சுங்கம் கட்டினால் உள்ளே வரலாம். சுங்கம் ஒரே தொகையாக நிற்பதில்லை. பெரும்பாலான தடங்களில் வண்டிகள் கூடக் கூட ஏறும், குறையக் குறைய இறங்கும். அப்போதைய விலை தலைக்கு மேலுள்ள மின்பலகையில் ஒளிரும். முன்கண்ணாடியில் ஒட்டிய சிறு கருவி வழியாகப் பணம் தானாகக் கழிந்துவிடும், வண்டி எங்கும் நிற்க வேண்டியதில்லை. பக்கத்துத் தடங்களில் ஊர்ந்துகொண்டிருப்பவர்கள் அந்த விலையையும் பார்க்கிறார்கள், அதைக் கொடுத்துவிட்டுக் கடந்து போகிறவர்களையும் பார்க்கிறார்கள். பொதுச் சாலையில் முந்திப் போகும் உரிமையைக் காசுக்கு விற்கலாமா என்ற கேள்வி அங்கிருந்து எழுகிறது.

கார்பூல் தடத்தை முதலில் நியாயப்படுத்தியது ஒரு கணக்கு. நாற்பது பேர் ஏறிய ஒரு பேருந்து அடைக்கும் இடம் எவ்வளவு, அதே நாற்பது பேர் ஆளுக்கொரு காரில் வந்தால் அடைபடும் இடம் எவ்வளவு? சாலை வண்டிகளுக்காக அல்ல, மனிதர்களுக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டால், குறைந்த இடத்தில் அதிகம் பேரைக் கொண்டுபோகும் வண்டிக்கு முன்னுரிமை கொடுப்பதில் பாரபட்சம் ஏதுமில்லை. வாஷிங்டனுக்குத் தெற்கே ஷர்லி நெடுஞ்சாலையில் 1969-இல் பேருந்துகளுக்கென ஒரு தனித் தடம் திறக்கப்பட்டது. 1973 இறுதியில், எண்ணெய் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, நான்கு பேர் ஏறிய கார்களையும் அதில் விட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இந்த முயற்சி கசப்பாக முடிந்தது. 1976 மார்ச்சில் சாண்டா மோனிகா நெடுஞ்சாலையில் புதுத் தடம் எதுவும் போடாமல், எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தடத்தையே பிரித்து, மூன்று பேர் இருந்தால்தான் உண்டு என்று அறிவித்தார்கள். மற்றத் தடங்கள் திணறின, மக்கள் கொதித்தார்கள், ஆகஸ்டில் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. புதிதாக ஒன்றைச் சேர்த்து அதற்கு நிபந்தனை விதித்தால் பொறுத்துக்கொள்ளும் மக்கள், கையில் இருப்பதை எடுத்து நிபந்தனை விதித்தால் பொறுக்கமாட்டார்கள் என்பதைச் சாலை அதிகாரிகள் அதன்பின் மறக்கவில்லை.

ஆனால் கணக்கு எதிர்பார்த்தபடி மனிதர்கள் நடக்கவில்லை. 1980-இல் வேலைக்குப் போகும் அமெரிக்கர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினர் காரைப் பகிர்ந்துகொண்டார்கள். 2010 வாக்கில் அது 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. வீடுகள் புறநகர்களில் சிதறின, அலுவலகங்களும் சிதறின, வேலை நேரங்கள் ஆளுக்கொன்றாயின, பெட்ரோல் விலையும் நெடுநாள் தாழ்ந்திருந்தது. அப்படியே சேர்ந்து போகிறவர்களிலும் பலர் ஒரே வீட்டுக்காரர்கள், தடம் இல்லாவிட்டாலும் ஒரே காரில் போயிருக்கக்கூடியவர்கள். நான்கு தடங்கள் நெரிசலில் உறைந்து நிற்க, பக்கத்தில் ஒரு தடம் பாதி காலியாகக் கிடக்கும் காட்சி அரசியல்வாதிகளுக்குத் தலைவலியானது. நியூஜெர்சி 1998-இல் ஐ-80, ஐ-287 நெடுஞ்சாலைகளின் கார்பூல் தடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டுக் கைகழுவியது. வேறு சில மாநிலங்கள் காலியிடத்தை விற்கலாம் என்றன.

இந்த யோசனை பொருளியலில் வெகுகாலமாக இருந்துவந்தது. ஆர்தர் பிகூ 1920-இல் எழுதிய நூலில் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு சாலைகளை வைத்து ஒரு கணக்கைக் காட்டினார். சாலையில் நுழையும் ஒவ்வொருவரும் தமக்கு ஆகும் தாமதத்தைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள், தம்மால் பின்னால் வருபவர்களுக்கு ஆகும் தாமதத்தை எண்ணுவதில்லை. அந்த அடுத்தவர் நஷ்டத்துக்கு ஒரு வரி போட்டால் எல்லோருக்குமே லாபம் என்பது அதன் சாரம். 1924-இல் ஃபிராங்க் நைட் அதற்கு ஒரு திருத்தம் சொன்னார்: இரண்டில் நல்ல சாலை தனியார் கையில் இருந்தால் அதன் உடைமையாளரே சரியான சுங்கத்தை வசூலித்துவிடுவார், அரசின் வரி தேவையில்லை. இந்தத் திருத்தத்தின் விளைவைக் கலிபோர்னியாவில் கண்ணெதிரே பார்க்கும் காலமும் பின்னால் வந்தது. வில்லியம் விக்ரி 1950-களில் இதை நடைமுறைத் திட்டமாக்கி, வாஷிங்டன் சாலைகளில் வண்டிகளை மின்னணுக் கருவியால் அடையாளம் கண்டு நேரத்துக்கேற்ற கட்டணம் வாங்கலாம் என்றார். அப்போது அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார்.

பொறியியலும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. சீராக ஓடும் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகளைக் கடத்தும். அந்த எல்லையைத் தாண்டி வண்டிகள் புகுந்தால் ஓட்டம் உடைகிறது. வேகம் மட்டுமல்ல, மணிக்குக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையே சரிகிறது. எனவே சுங்கத்தால் சீராக வைக்கப்பட்ட தடம், யார் வேண்டுமானாலும் புகுந்து அடைத்துக்கொண்ட தடத்தைவிட அதிகம் பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காசு வாங்காமல் திறந்துவிடுவதே எல்லோருக்கும் நல்லது என்று தோன்றுவதுண்டு. நெரிசல் நேரத்தில் அது பொய்.

முதல் சோதனை கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் நடந்தது. 91-ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுப்பகுதியில் ஒரு தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் பத்து மைல் நீளத்துக்கு நான்கு தடங்களைக் கட்டி, 1995 டிசம்பரில் திறந்தது. மூன்று பேர் வந்தால் தொடக்கத்தில் இலவசம், தனியாக வந்தால் நேரத்துக்கு ஒரு விலை. சான் டியேகோவின் ஐ-15 வேறு வகை. அங்கே 1988 முதல் இருந்துவந்த கார்பூல் தடத்தில் மிச்சமிருந்த இடத்தைப் பொது நிர்வாகமே 1996 டிசம்பர் முதல் மாதச் சீட்டாக விற்றது. 1998-இல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும் விலைக்கு வந்தது. வசூலில் ஒரு பகுதி அதே வழியில் ஓடிய விரைவுப் பேருந்துக்குப் போயிற்று. மினியாபொலிஸ் நகரின் ஐ-394 சாலையில் 1997-இல் இதே யோசனை எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 2005 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கு இதைப் பொது அனுமதியாகவே கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: நெரிசல் நேரத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு நேரமாவது தடத்தின் வேகம் மணிக்கு 45 மைலுக்குக் குறையக் கூடாது. பிறகு சியாட்டில், மயாமி, அட்லாண்டா, லாஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டனின் புறநகர்கள் என்று பரவியது.

இனி வாதங்கள். விற்பனையை ஆதரிப்போரின் வலுவான வாதம், இதில் யாரும் எதையும் இழப்பதில்லை என்பது. பகிர்ந்து வருபவர் முன்போலவே இலவசமாகப் போகிறார். காசு கொடுப்பவர் விரும்பியே கொடுக்கிறார். கொடுக்காதவர் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறார். சில கார்கள் விலகிப் போவதால் அவருக்கும் ஓரளவு இடம் கிடைக்கிறது. தடையற்ற கொடுக்கல் வாங்கலில் மூன்றாம் மனிதருக்குக் கேடு இல்லையென்றால் அதைத் தடுக்க அரசுக்கு என்ன உரிமை என்று தத்துவவாதி ராபர்ட் நோசிக்கின் வழி வந்தவர்கள் கேட்பார்கள். இன்னொன்று: நேரத்தின் மதிப்பு ஆளுக்கு ஆள் மட்டும் மாறுவதில்லை, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறுகிறது. குழந்தைகள் காப்பகத்தில் தாமதத்துக்குக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்போது அங்கே ஓடும் தாய்க்கு, இரண்டு டாலர் சுங்கம் மலிவு. பத்து நிமிடம் தாமதித்தால் அன்றைய கூலியில் பிடித்தம் விழும் தொழிலாளிக்கு, மாதச் சம்பளக்காரரைவிட அவசரம் அதிகம். வரிசையில் நிற்பது சமத்துவம் என்று சொல்பவர்கள், நிற்க நேரம் உள்ளவருக்கே வரிசை சாதகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். உபயோகத்தைப் பற்றிய ஆய்வுகளும் இதை ஒட்டியே வருகின்றன. தினமும் காசு கட்டிப் போகிறவர்கள் சிலர்தான். பெரும்பாலோர் எப்போதாவது, அவசரத்துக்கு, வருகிறவர்கள்.

ஆனாலும் வசதியுள்ளவர்களே அடிக்கடி வருகிறார்கள் என்பதும் அதே ஆய்வுகளில் இருக்கிறது. ‘லெக்சஸ் தடம்’ என்று ஒரு சொகுசுக் காரின் பெயரில் வைத்த கேலிப்பெயர் சும்மா வரவில்லை. காசு கொடுக்கும் விருப்பம் அவசரத்தை மட்டும் காட்டுவதில்லை, கையிருப்பையும் காட்டுகிறது. இரண்டு டாலரைக் கொடுக்காதவருக்கு அவசரம் இல்லை என்று பொருளல்ல, இரண்டு டாலர் இல்லை என்றும் இருக்கலாம். இந்த மறுப்புக்குத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-இல் வகுத்த அளவுகோல் பொருந்தும்: ஏற்றத்தாழ்வு இருக்கட்டும், அதனால் கடைசியில் நிற்பவரின் நிலை மேம்படுகிறதா என்று பார். அப்படிப் பார்த்தால் கேள்வி, சுங்கத்தை யார் கட்டுகிறார் என்பதிலிருந்து அந்தப் பணம் எங்கே போகிறது என்பதற்கு நகர்கிறது. சான் டியேகோவைப் போலப் பேருந்துக்குப் போனால், காரே இல்லாதவருக்குக் கார்க்காரர் கட்டுகிறார் என்றாகிறது. சுங்கம் வேண்டாமென்றால் சாலைக்குப் பணம் வேறு எங்கிருந்தோ வர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு கவுண்டி மக்கள் 1990-இல் போக்குவரத்துக்கென அரை சதவீத விற்பனை வரிக்கு வாக்களித்தார்கள். லிசா ஷ்வைட்சர், பிரையன் டெய்லர் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் அந்த வரியையும் 91-ஆம் சாலையின் சுங்கத்தையும் ஒப்பிட்டார்கள். விற்பனை வரியே ஏழைகள்மேல் அதிகம் விழுகிறது, சாலையைத் தொடாதவரும் அதைக் கட்டுகிறார் என்பது அவர்கள் கண்டது. லாஸ் ஏஞ்சலிஸ் 2012-இல் தன் முதல் சுங்கத் தடத்தைத் திறந்தபோது குறைந்த வருமானக் குடும்பங்களின் கணக்கில் 25 டாலர் வரவு வைத்தது. தொகை அற்பம்தான், ஆனால் வழி இருக்கிறது என்பதை அது காட்டியது. பணக்காரர்–ஏழை என்ற மறுப்பு இந்த விவாதத்தில் மிகச் சத்தமானது. நிர்வாகம் நினைத்தால் தீர்த்துவைக்கக் கூடியதும் அதுவே.

தீர்க்கச் சிரமமான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. சில பொருள்களை விற்பதே அவற்றின் இயல்பைக் கெடுத்துவிடும் என்பது அது. அரசியல் தத்துவவாதி மைக்கேல் வால்சர் 1983-இல், பணத்துக்கு அதற்குரிய களம் உண்டு, அது தன் களத்தைத் தாண்டி வாக்கு, பதவி, நீதி ஆகியவற்றையும் வாங்கத் தொடங்குவதே அநீதி என்று வாதிட்டார். மைக்கேல் சாண்டல் 2012-இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயத்தை வரிசையைத் தாண்டுவதற்கே ஒதுக்கி, விமான நிலைய வரிசையோடு இந்தத் தடங்களையும் அதில் சேர்த்தார். வரிசைக்கு ஒரு அறம் உண்டு, முதலில் வந்தவர் முதலில். சந்தை அதைத் துரத்துகிறது என்பது அவர் கவலை.

இந்தக் கவலை எல்லா வரிசைக்கும் ஒரே கனத்தில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். திருப்பதியில் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனமும், தமிழ்நாட்டுக் கோயில்களின் கட்டண தரிசன வரிசைகளும் பல பக்தர்களின் மனத்தை உறுத்துவதற்குக் காரணம் உண்டு. சந்நிதியில் பெரியவன் சிறியவன் இல்லை என்பது அங்கே நிற்பதன் பொருளிலேயே கலந்திருக்கிறது. காசு அந்தப் பொருளைத் தொட்டுவிடுகிறது. நெடுஞ்சாலைக்கு அப்படியொரு பொருள் கிடையாது. ஐந்து மணிக்கு நெரிசலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் குடிமக்களாகச் சந்தித்துக்கொள்வதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் நிற்கும் காரைச் சபிக்கிறார்கள். அந்த நிலையைக் காசு கெடுத்துவிடும் என்று சொல்வது நெரிசலுக்கு அளவு மீறிய மரியாதை.

கெடக்கூடியது ஒன்று இருக்கிறது, அது நெரிசல் தடத்தில் அல்ல, கார்பூல் தடத்தில். வாஷிங்டனுக்குத் தெற்கே வர்ஜீனியாவில், மூன்று பேர் இருந்தால்தான் தடத்தில் போகலாம் என்ற விதி ஒரு விசித்திரமான வழக்கத்தை வளர்த்தது. வண்டி நிறுத்துமிடங்களின் ஓரத்தில் முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக நிற்பார்கள். தனியாக வரும் ஓட்டுநர் தாம் போகும் இடத்தைச் சொல்லுவார். முதல் இருவர் ஏறிக்கொள்வார்கள். இவர்களை ‘ஸ்லக்’ என்பார்கள். பணம் கைமாறாது. ஓட்டுநர் பேசத் தொடங்காமல் ஏறியவர் பேசக் கூடாது என்பது எழுதாத விதிகளில் ஒன்று. இதில் தியாகம் ஏதுமில்லை, இரு தரப்பும் தம் லாபத்துக்கே செய்கின்றன. அரசு நடத்தாமல், நிறுவனம் நடத்தாமல், தலைமுறையைத் தாண்டி நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோ பே பாலத்திலும் இதுபோன்ற வழக்கம் இருந்தது. 2010 ஜூலையில் கார்பூல் கார்களுக்கும் இரண்டரை டாலர் சுங்கம் வந்தபோது, ஏறுபவர் பங்கு கொடுக்க வேண்டுமா, கேட்பது அநாகரிகமா, தானாக நீட்டினால் வாங்கலாமா என்ற சங்கடங்கள் அந்தக் கார்களுக்குள் முளைத்தன. சிறிய தொகைதான், ஆனால் கணக்கே பேசாத இடத்துக்குள் அது கணக்கைக் கொண்டுவந்தது.

இந்த மாற்றத்துக்கு இணையாக அடிக்கடி சொல்லப்படுவது இஸ்ரேலின் ஹைஃபா நகரக் காப்பகங்களில் யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி இருவரும் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு. குழந்தையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் குறையவில்லை, கூடியது. ஆசிரியரைக் காக்கவைப்பது தவறு என்ற கூச்சம் போய், அது ஒரு சேவைக்கான விலை ஆகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. கார்பூல் தடத்தில் தனியாக நுழைவது முன்பு குற்றம், இப்போது வாங்கிக்கொள்ளும் வசதி. ஆனால் இந்த ஒப்புமையை மிகவும் இழுக்கக் கூடாது. சுங்கம் அபராதத்தைப் போல நிலையாக நிற்பதில்லை. இடம் குறையும்போது ஏறுகிறது, எனவே தடத்தை நிரம்பவிடாமல் அது காக்கிறது. கூச்சமும் சட்டமும் மட்டும் காவலிருந்த காலத்தில் பக்கத்து இருக்கையில் துணிக்கடைப் பொம்மையை உட்காரவைத்து ஓட்டியவர்கள் எத்தனையோ பேர்.

யாரை ஓர் ஆள் என்று எண்ணுவது என்பதுகூட அந்தத் தடத்தில் நீதிமன்றம் வரை போனது. 2013-இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஒருவர், சட்டப்படி கம்பெனியும் ஒரு நபர்தானே என்று பக்கத்து இருக்கையில் கம்பெனிப் பதிவுப் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஓட்டி வந்து, வழக்காடித் தோற்றார். 2022-இல் டெக்சாஸில் கருவுற்ற பெண் ஒருவர், கருக்கலைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சில நாட்களில், தன் வயிற்றிலிருப்பதும் ஓர் ஆள்தான் என்றார். மாநிலத்தின் குற்றவியல் சட்டம் அதை ஒப்புக்கொண்டிருந்தது. போக்குவரத்துக் காவலர் ஒப்புக்கொள்ளவில்லை. விலைக்கு வந்த தடத்தில் இந்தக் கேள்விகளின் சூடு தணிந்துவிடுகிறது. ஆள் உண்டா இல்லையா என்று வாதாட விரும்பாதவர் காசைக் கட்டிவிட்டுப் போகலாம்.

சுங்கம் வருவதற்கு முன் தடம் சுத்தமான பொதுச்சொத்தாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியா 2005 முதல் சில ஹைபிரிட் கார்களுக்கு மஞ்சள் ஒட்டுச்சீட்டு கொடுத்து, தனியாக ஓட்டினாலும் கார்பூல் தடத்தில் விட்டது. 85,000 சீட்டுகளோடு அது நின்றது. சீட்டு ஒட்டிய பழைய கார்கள் கூடுதல் விலைக்குக் கைமாறின. காசுக்கு வேகம் கிடைத்த இடமே இதுவும், ஆனால் காசு அரசுக்கு வராமல் கார் விற்பவருக்குப் போயிற்று. பெயர் மட்டும் சுற்றுச்சூழல். சுங்கப் பலகை அந்த அளவில் நேர்மையானது.

வாங்குபவர் பக்கத்துக் கேள்விகள் ஏறக்குறைய இவ்வளவே. விற்பவர் பக்கம் திரும்பினால் கேள்வி கடினமாகிறது. இதை முதலில் கேட்டவர்கள் பொருளியலாளர்கள் அல்ல, இடைக்கால ஐரோப்பாவின் கிறித்தவ இறையியலாளர்கள். அவர்கள் வட்டியைக் கண்டித்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று காலத்தைப் பற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் ஆஃப் சோபம் போன்றவர்கள் வைத்த வாதம் இது: குதிரையை விற்பவர் தம் குதிரையை விற்கிறார், கடன் கொடுத்தவர் வட்டியாக விற்பது இடையில் கழிந்த காலத்தை. காலம் கடவுளுடையது, எல்லா உயிர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்டது. தமக்கு உரிமையில்லாத ஒன்றை விற்பவர் திருடர். பிற்காலத்தில் வணிகம் பெருகியபோது அதே மரபினர் விலக்குகளை வகுத்தார்கள். கடன் கொடுத்தவர் இடையில் இழக்கும் லாபத்துக்கு ஈடு கேட்கலாம், ஆபத்துக்கு ஈடு கேட்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் விற்கும் பொருள் விற்பவருடையதுதானா என்ற சோதனையை அவர்கள் கைவிடவில்லை.

சுங்கத் தடத்தில் அந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால், விற்கப்படும் பொருள் என்ன? சாலை அல்ல. பக்கத்துத் தடத்திலும் அதே கான்கிரீட்தான், அங்கே இலவசம். விற்கப்படுவது மற்றவர்கள் இல்லாத இடம். அந்த இடத்துக்கு விலை வருவது பக்கத்துத் தடம் நெரிந்து நிற்கும்போது மட்டுமே. நள்ளிரவில் இரண்டும் சமம், எனவே சுங்கம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. வேறு பெரும்பாலான வணிகங்களில் போட்டியாளர் பொருள் மோசமாக இருந்தால் லாபம் கூடும். ஆனால் போட்டியாளரின் பொருளைக் கெடுக்கும் அதிகாரம் விற்பவர் கையில் இருக்காது. இங்கே இலவசத் தடமும் கட்டணத் தடமும் ஒரே சாலையின் இரண்டு பகுதிகள். இலவசத் தடத்தின் மந்தம் கட்டணத் தடத்தின் மூலப்பொருள். எனவே அறிய வேண்டியது, வாங்குபவர் பணக்காரரா என்பதல்ல. விற்பவருக்கு அந்த மந்தம் நீடிப்பதில் ஆதாயம் இருக்கிறதா என்பது.

இது வெறும் சந்தேகம் அல்ல என்பதற்கு 91-ஆம் நெடுஞ்சாலையே சாட்சி. நைட் 1924-இல் எழுதிய கணக்கில் கெட்ட சாலை எத்தனை வண்டிகள் வந்தாலும் நெரியாத அளவுக்கு அகலமானது. கலிபோர்னியா தனியார் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் அந்த வழியை மூடியது. சுங்கத் தடத்தின் இருபுறமும் ஒன்றரை மைலுக்குள் மாநில அரசு சாலைக் கொள்ளளவைக் கூட்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. முதலீட்டாளரின் பார்வையில் அது நியாயமான கோரிக்கைதான். தன் பணத்தைப் போட்டுக் கட்டியவருக்கு, நாளைக்குப் பக்கத்திலேயே அரசு இலவசமாகப் போட்டுவிட்டால் கதி என்ன? ஆனால் அந்தப் பிரிவின் பொருளை நெரிசலில் நிற்பவர் இடத்திலிருந்து படித்தால், அவர் அங்கேயே நிற்க வேண்டும் என்று அவருடைய அரசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. 1990-களின் இறுதியில் மாநில நிர்வாகம் விபத்துகளைக் காரணம் காட்டி அருகே கூடுதல் தடங்கள் போட முயன்றது, நிறுவனம் வழக்குப் போட்டது, திட்டம் நின்றது. புறநகர்கள் பெருகிக்கொண்டே இருந்தன, நெரிசலும் பெருகியது, கோபமும் பெருகியது. கடைசியில் ஆரஞ்சு கவுண்டியின் போக்குவரத்து ஆணையம் 2003 ஜனவரியில் 20 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து அந்தத் தடங்களை வாங்கிக்கொண்டது. அரசு தன் சாலையை அகலப்படுத்தும் உரிமையைத் திரும்பப் பெறக் கொடுத்த விலை என்று அதைச் சொல்லலாம். சுங்கம் தொடர்ந்தது, தடைப் பிரிவு போயிற்று. சுங்கத்தையும் அதை விற்பவரின் ஆதாயத்தையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு நிகழ்வே போதும்.

பொது நிர்வாகமே விற்றால் இந்தச் சிக்கல் இல்லை என்பதும் அவசர முடிவு. சுங்க வருமானத்தைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிட்ட ஆணையத்துக்கும் வசூல் குறைவது பிடிக்காது. ஆனால் அதன் முடிவுகளை வாக்காளர் கேள்வி கேட்கலாம், ஆண்டுக்காண்டு மாற்றலாம். பல பத்தாண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தத்தை அப்படி மாற்ற முடியாது. வசூல் சாலைக்கும் பேருந்துக்கும் போகும் இடத்தில், இலவசத் தடத்தில் நிற்பவரும் அந்த விற்பனையில் பங்காளி. அவருடைய காத்திருப்பிலிருந்து எடுத்த பொருளுக்கு அவருக்கே விலை போய்ச் சேருகிறது என்றால், இறையியலாளர்களின் சோதனையில் அது தேறிவிடும். வசூல் வேறெங்கோ உள்ள பங்குதாரருக்குப் போகும் இடத்தில் தேறுவது கடினம்.

வர்ஜீனியாவின் ஐ-66 சாலை இந்தச் சோதனையில் தேறியும் கோபத்தைத் தவிர்க்கவில்லை. தலைநகர வளையச் சாலைக்கு உட்பட்ட பகுதியில், நெரிசல் திசையில், தனியாக ஓட்டுவோருக்கு முன்பு அனுமதியே கிடையாது. 2017 டிசம்பர் 4-ஆம் தேதி அவர்களுக்கும் கட்டணத்தின்பேரில் திறந்தபோது, முதல் நாளே விலை 34.50 டாலர் வரை ஏறியது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. மாநில அதிகாரிகளின் பதில் தர்க்கத்தில் சரியானது: நேற்று வரை எந்த விலைக்கும் கிடைக்காதது இன்று ஒரு விலைக்குக் கிடைக்கிறது, இதில் யார் எதை இழந்தார்? அங்கே விற்பவர் மாநிலமே, வசூல் அந்தத் தடவழியின் போக்குவரத்துத் திட்டங்களுக்கு. ஆனாலும் அந்தப் பதில் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தடை எல்லோருக்கும் ஒன்றாக விழும். விலை அப்படி விழுவதில்லை. முடியாது என்று சொன்னால் பொறுத்துக்கொள்பவர், உன்னால் முடியாது என்று சொன்னால் பொறுத்துக்கொள்வதில்லை.

விற்பனை நிலைத்தபின் பகிர்ந்து போகிறவர்களின் நிலை என்ன ஆகிறது என்பது கடைசியாக எழும் கேள்வி. தொடக்கத்தில் அவர்கள் தடத்தின் உரிமையாளர்கள், காசு கட்டுபவர்கள் மிச்சத்தை வாங்க வந்த விருந்தாளிகள். தடம் நிரம்பும்போது இந்த முறை தலைகீழாகிறது. விருந்தாளிகளிடம் வருமானம் வருகிறது, உரிமையாளர்களிடம் வருவதில்லை. அட்லாண்டாவின் ஐ-85 சாலையில் 2011 அக்டோபரில் தடம் சுங்கத்துக்கு மாறியபோது, அதுவரை இருவராக இலவசமாகப் போனவர்கள் மூன்றாவது ஆளைத் தேட வேண்டும், இல்லையென்றால் கட்ட வேண்டும் என்றானது. அவர்களில் பலர் பொதுத் தடங்களுக்குத் திரும்பிவிட, அங்கே நெரிசல் கூடியது. சில நாட்களில் ஆளுநர் சுங்கத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஐ-66 சாலையின் உட்பகுதியிலும் 2022 டிசம்பர் முதல் இருவர் போதாது, மூவர் வேண்டும் என்று விதி மாறிற்று. வர்ஜீனியாவின் ஐ-495 வளையச் சாலையில் 2012-இல் திறந்த தடங்களைத் தனியார் கூட்டு கட்டி நடத்துகிறது. அங்கே ஒப்பந்தமே இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. மூன்று பேர் ஏறிய இலவசக் கார்கள் தடத்தின் போக்குவரத்தில் 24 சதவீதத்தைத் தாண்டினால், மிகுதிக்காக மாநில அரசு நடத்துபவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். மக்கள் காரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய தடத்தில், அவர்கள் அதிகமாகப் பகிர்ந்துகொண்டால் அரசுக்குச் செலவு என்ற நிலை எழுத்தில் இருக்கிறது.